மலை வலக்கைப் பக்கம் இருக்கட்டும்

பௌர்ணமி இரவு, மணி பதினொன்றரை இருக்கும். வருண லிங்கத்தைத் தாண்டி, கிரிவலப் பாதை அடி அண்ணாமலை ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு டீக்கடை. வாசலில் கிடந்த பெஞ்சில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். வெறுங்கால். பாதமெல்லாம் சாலைத் தூசி. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, கையை எட்ட நீட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என்னிடம் கொடுத்தார்.

“தம்பி, பேத்தி ஐந்நூறு ரூபா அனுப்பச் சொன்னா. அனுப்புற அந்தப் பச்ச வட்டம் எங்க போச்சின்னு பாரு. முந்தாநாளு வரைக்கும் கீழதான் இருந்துச்சி, கட்டவெரலுக்கு நேரா.”

செயலி ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. பச்சை வட்டம் நீலமாகி மேல் மூலைக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் கடன் வாங்கச் சொல்லி ஒரு விளம்பரம். எனக்கே தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமானது. ரகசிய எண்ணை அவரே அழுத்தினார். பணம் போயிற்று.

“எத்தனை வருஷமா கிரிவலம் வரீங்க பாட்டி?”

“முப்பது வருஷம் ஆவுது. ஒருத்தரையும் வழி கேட்டதில்ல. மலைய வலக்கையில வச்சிக்கினு நடந்தா அது கொண்டாந்து வுட்டுரும்.”

14 கிலோமீட்டர் பாதை. இருட்டு. லட்சக்கணக்கில் கூட்டம். அதில் ஒருமுறைகூடத் திசை தவறாதவர், உள்ளங்கை அளவுத் திரையில் வழி தொலைத்து நிற்கிறார். வயதானவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாதையில் இருக்கும் ஏதோ ஒன்று அந்தத் திரையில் இல்லை. அது என்ன என்பதை நகர வடிவமைப்புத் துறை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வைத்திருக்கிறது. செயலிகளை வடிவமைப்பவர்கள் படிக்க வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது.

மனதுக்குள் ஒரு வரைபடம்

ஊரின் வரைபடம் நகராட்சி அலுவலகத்தில் மட்டும் இருப்பதில்லை. அங்கே வாழும் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் 1948-இல் இதை எலிகளிடம் கண்டார். சுற்றுவழிகளில் ஓடிப் பழகிய எலிகள் இட, வலத் திருப்பங்களை மட்டும் மனப்பாடம் செய்யவில்லை; இடத்தின் அமைப்பையே மனதில் வரைந்துகொள்கின்றன என்றார். 1971-இல் ஜான் ஓ’கீஃப், எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், குறிப்பிட்ட ஓரிடத்துக்குப் போகும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டறிந்தார். 2005-இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் குழு, இடத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து அளக்கும் வேறு வகை அணுக்களைக் கண்டது. மூவருக்கும் 2014-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, ‘எது எங்கே இருக்கிறது’ என்பது நம் நினைவின் மிகப் பழைய, மிக உறுதியான பகுதி. கரண்ட் போன இருட்டிலும் சமையலறையில் உப்பு ஜாடியை நோக்கிக் கை தானாகப் போவது இதனால்தான். பாட்டி கைபேசியில் செய்ததும் இதுவே. அவர் ‘அனுப்பு’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கவில்லை. பச்சை நிறம், கீழ்ப்பக்கம், கட்டைவிரலுக்கு நேர் என்று ஒரு வரைபடம் வைத்திருந்தார். அந்த வரைபடத்தைத்தான் புதுப்பித்தல் அழித்தது.

ஊரின் அமைப்பு மனித மனதில் எப்படிப் பதிகிறது என்று முதலில் முறையாகக் கேட்டவர் கெவின் லிஞ்ச். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்று நகரங்களில் 60 பேரை உட்கார வைத்து, ‘உங்கள் ஊரை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள்’ என்றார். பாஸ்டன்காரர்கள் ஆற்றையும் பூங்காவையும் முதன்மைத் தெருக்களையும் தயங்காமல் வரைந்தார்கள். ஜெர்சி சிட்டிக்காரர்கள் திணறினார்கள். அவர்கள் ஊரைப் பற்றிப் பளிச்சென்று சொல்ல முடிந்த காட்சிகளில் ஒன்று, ஆற்றுக்கு அப்பால் தெரியும் நியூயார்க்கின் கட்டட வரிசை. சொந்த ஊரில் மனம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

லிஞ்ச் 1960-இல் ‘நகரத்தின் பிம்பம்’ என்ற நூலில் இதை எழுதினார். மனதில் பதியும் ஊருக்கு ஐந்து உறுப்புகள் உண்டு என்றார்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளச் சின்னம். இந்த ஐந்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஒருமுறை அண்ணாமலையைச் சுற்றி வரலாம்.

ஐந்தும் இருக்கும் ஒரு பாதை

பாதை: கிழக்கு அடிவாரத்தில் பெரிய கோயிலிலிருந்து புறப்பட்டு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று மலையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. எங்கே தொடங்கினாலும் முடிவு உறுதி.

விளிம்பு: வலப்பக்கம் மலையும் காடும், இடப்பக்கம் ஊரும் கடைகளும் வயல்களும். ஒரு பக்கம் முழுவதும் கோடு போட்டதுபோல் இருப்பதால் வழி மாறிப் போக வாய்ப்புக் குறைவு. மலையோரம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை. மனிதர்கள் இடப்பக்கமே நடக்க வேண்டும் என்பார்கள். வண்டிகள் இல்லாத காலத்திலேயே கூட்டத்தை ஒரு பக்கமாக நடத்திச் சென்ற ஒழுங்கு இது.

வட்டாரம்: செங்கம் சாலையில் சேஷாத்திரி ஆசிரமம், ரமணாசிரமம் உள்ள பகுதிக்கு ஒரு முகம். அதைத் தாண்டி மரநிழல் பாதைக்கு வேறொரு முகம். அடி அண்ணாமலை வந்ததும் வீடுகள், மாட்டுத் தொழுவங்கள், திண்ணைகள் என்று ஒரு கிராமத்தின் முகம். கண்ணை மூடித் திறந்தாலும் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

சந்தி: செங்கம் சாலை நேரே போக, கிரிவலப் பாதை வலப்புறம் பிரியும் இடம். பாதையில் முடிவெடுக்க வேண்டிய பெரிய திருப்பம் இதுதான். அங்கும் மலை வலக்கைப் பக்கம் என்ற விதியே பதில் சொல்லிவிடுகிறது.

அடையாளச் சின்னம்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என எண்திசைக் காவலர் பெயரில் எட்டு லிங்கங்கள். இவை வெறும் மைல்கற்கள் இல்லை. வருணன் மேற்குக்குக் காவலர் என்று தெரிந்தவருக்கு, வருண லிங்கத்தில் நிற்கும்போதே தான் மலைக்கு மேற்கே இருப்பது தெரியும். அடுத்து வாயு வரும் என்பதும் தெரியும். பெயரே முகவரி, பெயர்களின் வரிசையே வரைபடம்.

நம் கோயில் நகரங்கள் பலவற்றில் இந்த அறிவு உண்டு. மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக விரிகின்றன. மாசி வீதியில் நிற்பவருக்குக் கோயில் எத்தனை சுற்று உள்ளே இருக்கிறது என்று சொல்ல ஆள் தேவையில்லை. கீழ, மேல, தெற்கு, வடக்கு என்ற ஒரு முன்னொட்டு மீதியைச் சொல்லிவிடும்.

இனி இந்த ஐந்தையும் திரைக்குக் கொண்டுவருவோம். ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும் படிகள் பாதை. என் பணமும் என் கணக்கும் எங்கே முடிகின்றன, நிறுவனத்தின் விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் கோடு விளிம்பு. பணம் அனுப்புவது, மின்கட்டணம், பழைய கணக்கு என்று தனித்தனி முகம் கொண்ட பகுதிகள் வட்டாரம். எல்லா வழிகளும் கூடும் முகப்புப் பக்கம் சந்தி. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இடம் மாறாமல் நிற்கும் பொத்தான் அடையாளச் சின்னம்.

பாட்டி பார்த்த திரையில் விளிம்பு அழிந்திருந்தது. விளம்பரம் வீட்டுக்குள் நுழைந்திருந்தது. அடையாளச் சின்னம் பெயர்க்கப்பட்டிருந்தது. ஒரே இரவில் வருண லிங்கத்தை எடுத்து வடக்கே வைத்துவிட்டால் கிரிவலம் வருபவர்கள் என்ன பாடு படுவார்கள்?

நந்தி பார்க்கும் திசை

சிவன் கோயிலில் நந்தி கருவறையைப் பார்த்திருக்கும். ஆனால் கிரிவலப் பாதையில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நந்திகள் உண்டு. எதிரே சன்னதி கிடையாது. இருந்தும் நம்மவர்கள் யாரும் குழம்புவதில்லை. நந்தி எதைப் பார்க்கிறதோ அது சிவம். ஆகவே இந்த மலையே லிங்கம். ஒரு எழுத்துகூட இல்லாமல் இந்தத் தலத்தின் மொத்தத் தத்துவத்தையும் ஒரு கல் காளை சொல்லிவிடுகிறது.

பொருளே தன்னை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்பதை வடிவமைப்பின் அடிப்படை விதியாக வலியுறுத்தியவர் டான் நார்மன். இழுக்க வேண்டிய கதவில் கைப்பிடி, தள்ள வேண்டிய கதவில் தட்டையான தகடு. அப்படி இருந்தால் ‘இழு’, ‘தள்ளு’ என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் நந்தி ஒரு படி மேலே போகிறது. அது வேலை செய்வது, பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மரபின்மேல் நின்று. வேறு நாட்டிலிருந்து வந்தவருக்கு அது ஒரு மாட்டுச் சிலை.

கைபேசிக் குறியீடுகளில் எத்தனை நமக்கு நந்தி, எத்தனை வெறும் மாட்டுச் சிலை என்று யோசித்துப் பாருங்கள். சேமிப்பதற்கான குறியாக இன்னும் பல இடங்களில் இருப்பது ஃபிளாப்பி வட்டு. அதைக் கையால் தொட்டே பார்க்காதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். மூன்று கோடு போட்டால் பட்டியல் திறக்கும் என்பது எந்த ஊர் மரபு? மரபு இல்லாத இடத்தில் படத்தின் கீழ் ஒரு தமிழ்ச் சொல் எழுதிவைப்பதே மரியாதை.

சொல்லிலும் இதே கவனம் வேண்டும். டீக்கடை இருந்த ஊரின் பெயர் அடி அண்ணாமலை. அங்குள்ள கோயிலை ஆதி அண்ணாமலையார் கோயில் என்கிறார்கள். ஊரையும் ஆதி அண்ணாமலை என்று சொல்பவர்கள் உண்டு. மனிதர்களிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கை சரியான திசையைக் காட்டும். தேடுபெட்டி மட்டும் ஓர் எழுத்து மாறினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று சொல்லலாமா? மக்கள் ஓரிடத்தை எத்தனை பெயரில் அழைக்கிறார்களோ அத்தனைக்கும் கதவு திறக்க வேண்டும்.

மலை காட்டும் கணக்கு

14 கிலோமீட்டர் நடப்பவருக்குத் திசை மட்டும் போதாது. எவ்வளவு வந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். அதையும் மலையே சொல்கிறது. 2,668 அடி உயரமான அதே மலை, ஓரிடத்தில் ஒற்றை முகடாகவும் வேறிடங்களில் இரண்டு, மூன்றாகவும் தெரியும். வடக்குப் பக்கம் ஐந்து முகங்களாகத் தெரியும் இடத்தைப் பஞ்சமுக தரிசனம் என்பார்கள். அது தெரிந்துவிட்டால் வழக்கமாக வருபவர்களின் நடையில் ஒரு வேகம் கூடும், இன்னும் கொஞ்சம்தான்.

கண்ணை விட்டு அகலாமலும் இருக்க வேண்டும், நகர்வுக்கு ஏற்ப மாறியும் காட்ட வேண்டும். திரை வடிவமைப்பில் இதைச் செய்யும் கருவி படிவங்களின் மேல் ஓடும் முன்னேற்றக் கோடு. ‘7 பக்கத்தில் 3-ஆம் பக்கம்’ என்று ஒரு வரி இருந்தால் மனிதர்கள் பொறுமையோடு நிரப்புவார்கள். எத்தனை பக்கம் என்றே தெரியாத விண்ணப்பத்தில், ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்த அழுத்தக் களைப்புதான் ஏறும். இ-சேவை மையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நாம் கொடுக்கும் கூலியில் ஒரு பகுதி, ‘இன்னும் ரெண்டே பக்கம்தான்’ என்று அவர் சொல்லும் ஆறுதலுக்கும்தான்.

நகரத்திலிருந்து திரைக்கு வந்த வழி

ஊரையும் திரையையும் ஒப்பிடுவது என் கற்பனை இல்லை. இரண்டுக்கும் உண்மையான உறவுமுறை உண்டு. அந்த உறவின் நடுவில் நிற்பவர் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். இளம் வயதில் குஜராத்தில் ஒரு கிராமத்தை ஆராய்ந்து, அதன் தேவைகளை 141 என்று பட்டியலிட்டு, எது எதோடு பின்னிக் கிடக்கிறது என்று கணக்கிட்டவர். அது அவருடைய 1964-ஆம் ஆண்டு நூலில் இருக்கிறது. பிறகு 1977-இல் சகாக்களோடு எழுதிய நூலில், மனிதர்கள் மகிழ்ந்து வாழும் இடங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் 253 அமைப்புகளைத் தொகுத்தார். ஜன்னலோர இருக்கை, வாசல் திண்ணை, சிறு சந்தை என்று வீட்டு மூலையிலிருந்து மாநகரம் வரை போகும் தொகுப்பு. கட்டடக்காரர் மட்டுமல்ல, குடியிருப்பவரே இவற்றை எடுத்துத் தன் வீட்டை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை.

பத்தாண்டு கழித்து, 1987-இல், கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம் என்ற இரு நிரலாளர்கள் அந்த ஆசையைக் கணினித் திரையில் முயன்றார்கள். ஐந்தே ஐந்து அமைப்புகளை எழுதி, மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களிடமே கொடுத்துத் திரையை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு வேலைக்கு ஒரு ஜன்னல், பட்டியல் சின்னதாக இருக்கட்டும் என்பன போன்ற எளிய விதிகள். அதே கன்னிங்காம், இத்தகைய அமைப்புகளை எல்லோரும் கூடித் தொகுக்க 1995-இல் உருவாக்கிய தளம்தான் உலகின் முதல் விக்கி. அதன் வழியில் பிறந்தது விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் தேடும்போது, திண்ணையைப் பற்றிச் சிந்தித்த ஒரு கட்டடக் கலைஞரின் கையும் அங்கே இருக்கிறது. 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டான் நார்மன் தன் பதவிப் பெயரில் ‘பயனர் அனுபவக் கட்டடக் கலைஞர்’ என்று போட்டுக்கொண்டதும் இந்த உறவின் அடையாளம்தான்.

அலெக்சாண்டர் 1965-இல் எழுதிய ‘நகரம் ஒரு மரம் அல்ல’ என்ற கட்டுரை திரைக்காரர்களுக்கு இன்னும் நேரடியான பாடம். மரத்தில் ஒவ்வோர் இலையும் ஒரே கிளையைச் சேர்ந்தது. காகிதத்தில் திட்டமிட்ட நகரங்கள் அப்படித்தான் இருக்கும்: குடியிருப்பு ஓரிடம், கடை ஓரிடம், அலுவலகம் ஓரிடம். தானாக வளர்ந்த ஊரில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படியும். அவர் ஓர் எளிய உதாரணம் சொன்னார்: பெர்க்லியில் ஒரு தெருமுனை மருந்துக் கடை. வாசலில் செய்தித்தாள் அடுக்கு. எதிரே போக்குவரத்து விளக்கு. விளக்கு சிவப்பாக இருக்கும்போது காத்து நிற்பவர்கள் செய்தித்தாளைப் பார்க்கிறார்கள், சிலர் வாங்குகிறார்கள். விளக்கு சாலைத் துறையின் பொருளா, செய்தித்தாள் கடையின் பொருளா? இரண்டிலும் பங்கு இருப்பதால்தான் அந்த முனைக்கு உயிர்.

அடி அண்ணாமலை டீக்கடையும் அப்படித்தான். காலையில் ஊர்க்காரர்கள் பால் கொண்டுவந்து தரும் இடம். பகலில் பேருந்துக்கு நிற்பவர்களுக்கு நிழல். பௌர்ணமி இரவில் பக்தர்களுக்குக் கால் ஆற்றும் திண்ணை. அதை ‘உணவகம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடைத்தால் முக்கால் பங்கு காணாமல் போய்விடும்.

அரசு இணையதளங்கள் பலவற்றில் நாம் முட்டிக்கொள்வது இந்த மர அமைப்பில்தான். ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால், அதைத் தருவது எந்தத் துறை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதனின் கேள்வி துறையைப் பற்றியது இல்லை. ‘குழந்தை பிறந்திருக்கிறது, என்னென்ன செய்ய வேண்டும்?’ ‘அப்பா காலமாகிவிட்டார், எதிலிருந்து தொடங்க?’ என்பவைதான் அவன் கேள்விகள். அந்தக் கேள்வியிலிருந்தும் ஒரு வழி, துறையிலிருந்தும் ஒரு வழி, தேடுபெட்டியிலிருந்தும் ஒரு வழி என்று ஒரே இடத்துக்குப் பல தெருக்கள் இருக்க வேண்டும். பெரிய கோயிலுக்கு நான்கு பக்கமும் கோபுர வாசல் வைத்திருப்பதுபோல.

முதலில் நட, பிறகு வரை

1914-இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைப்பில் ஸ்காட்லாந்திலிருந்து பேட்ரிக் கெடிஸ் கிளம்பினார். படிப்பால் உயிரியலாளர், தொழிலால் நகரத் திட்டமிடுபவர். அவர் பல ஆண்டு சேர்த்த வரைபடங்களும் ஓவியங்களும் கொண்ட நகரக் கண்காட்சி தனிக் கப்பலில் வந்தது. வழியில் அதை மூழ்கடித்தது ‘எம்டன்’. ஆம், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டு, நம் மொழியிலேயே ஒரு சொல்லாக நிலைத்துவிட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல். நண்பர்கள் அவசரமாகச் சேர்த்து அனுப்பிய வேறு பொருள்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்திக் காட்டினார் கெடிஸ்.

பிறகு மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களை நடந்தே பார்த்தார். நெரிசல் என்றால் குறுக்கே அகலச் சாலை வெட்டி, வழியில் இருக்கும் வீடுகளை இடிப்பது அன்றைய பொறியாளர்களின் பழக்கம். கெடிஸ் மருத்துவர்போல் பேசினார்: சிகிச்சைக்கு முன் நோய் என்னவென்று பார். ஒரு பாழடைந்த சுவரை மட்டும் எடுத்தால் காற்று வரும். ஒரு மரத்தை விட்டுவைத்தால் தெருவுக்கு நிழல் கிடைக்கும். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் ‘காக்கும் அறுவை சிகிச்சை’.

நூறு ஆண்டு கழித்து அந்தப் பேச்சு கிரிவலப் பாதையிலேயே தேவைப்பட்டது. பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டும் வேலை எதிர்ப்பைச் சந்தித்து, 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வண்டியில் போகிறவருக்கு அகலம்தான் வசதி. வெறுங்காலோடு பகலில் நடப்பவருக்கோ தார் எத்தனை மீட்டர் என்பதைவிட அதன்மேல் நிழல் விழுகிறதா என்பதே கேள்வி. யார் காலில் நின்று பார்க்கிறோமோ அதைப் பொறுத்து ‘மேம்பாடு’ என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது.

செயலிகளின் புதுப்பித்தலும் இப்படி ஓர் அகலப்படுத்தல்தான். புதிய நிறம், புதிய அடுக்கு, புதிய அசைவு. அலுவலகத் திரையில் அழகாக இருக்கும். ஆனால் பழைய பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகியவர்களின் நிழல் மரம் அதில் விழுந்துவிடுகிறது. மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் கெடிஸ்போல் நடந்து பார்க்க வேண்டும். ஒரு இ-சேவை மையத்தில், ஒரு ரேஷன் கடை வரிசையில், ஒரு பேருந்து நிலைய பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்து, மக்கள் விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்க்க வேண்டும். வயலில் ஒற்றையடிப் பாதை எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேதான் வழி தேவை. விரல்களும் அப்படி ஒற்றையடிப் பாதை போடுகின்றன.

இடுக்கும் ஆக்கிரமிப்பும்

எல்லாமே வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தால்தான் நல்ல வடிவமைப்பு என்றும் இல்லை. குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து வெளியே வர வேண்டிய குறுகலான வழி. 14 கிலோமீட்டர் நடையில் உடம்பை நிறுத்தி, ‘இப்போது என்ன செய்கிறாய் என்று கவனி’ என்று சொல்லும் இடம் அது. விரும்பியவர் நுழையலாம், மற்றவர் தாண்டிப் போகலாம். பணம் அனுப்பும்முன் பெறுபவரின் பெயரைக் காட்டி, ரகசிய எண்ணைக் கேட்பதும் அப்படி ஒரு நல்ல இடுக்கு. பாட்டியின் விரல் அங்கே நின்றது. பேத்தியின் பெயரைப் பார்த்தார். பிறகுதான் எண்ணை அழுத்தினார்.

நடைபாதை ஆக்கிரமிப்பு வேறு வகை. கடைக்காரர் பலகையை வெளியே தள்ளிவைத்து, நடப்பவர் அதைச் சுற்றிப் போகும்போது கண்ணில் சரக்கைப் படவைப்பது. அனுப்பும் பொத்தான் இருந்த இடத்தில் கடன் விளம்பரம் வைத்ததும் அதுவே. இதன் கொடிய வடிவங்களுக்கு இப்போது சட்டத்திலேயே பெயர் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், இப்படிப்பட்ட 13 ஏமாற்று வடிவங்களைத் தடை செய்கின்றன. ‘இன்னும் இரண்டே நிமிடம்’ என்று போலி அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது, சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் சந்தாவை அமைப்பது எல்லாம் அதில் அடக்கம். தெருவில் ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்கும் உரிமை நமக்கு இருப்பதுபோல் திரையிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக நடப்பவர்

1967-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே, செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கிய புடைப்புக் கற்கள் முதன்முதலாகத் தெருவில் பதிக்கப்பட்டன. காலால் தொட்டு உணரும் வழிகாட்டி. இன்று சென்னை மெட்ரோ நிலையங்களில் நாம் பார்க்கும் மஞ்சள் கட்டங்கள் அதன் வாரிசுகள். நடைபாதை விளிம்பில் சாய்வு வைத்தது சக்கர நாற்காலிக்காக; அதில் இன்று குழந்தை வண்டியும் பெட்டி உருட்டுபவரும் போகிறார்கள். கடைசியாக நடப்பவருக்காகச் செய்தது எல்லோருக்கும் வழியாகிறது.

திரையில் இதற்குக் கணக்கே உண்டு. தொட வேண்டிய இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் ஆக ஆக, அதைச் சரியாகத் தொட ஆகும் நேரம் கூடுகிறது என்று பால் ஃபிட்ஸ் 1954-இல் சூத்திரமாகவே எழுதினார். எள்ளளவு பெருக்கல் குறியைத் தொட்டு விளம்பரத்தை மூடச் சொல்வது, கண்புரையும் கைநடுக்கமும் உள்ளவரைக் குறுகலான படியில் ஏறச் சொல்வதற்குச் சமம்.

அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்ட ஒருவரால், வங்கிக் கணக்குக்கான அடையாளச் சரிபார்ப்பில் ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்ற படியைத் தாண்ட முடியவில்லை. அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. திரையும் பொதுவழிதான் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுவழியைப் போடுகிறவர்களுக்குரிய பொறுப்பு இனி செயலி செய்பவர்களுக்கும் உண்டு.

டீக்கடைப் பாட்டி கைபேசியைச் சுருக்குப்பையில் போடும்முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நீல வட்டத்தின்மேல் விரலை ஒருமுறை வைத்துப் பார்த்து, இடத்தை மனதில் குறித்துக்கொண்டு கேட்டார்:

“இனிமே இது இங்கியேதான் இருக்குமா தம்பி?”

இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். பாதையில் கால் வைத்ததும் வலப்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். நிலா வெளிச்சத்தில் மலை இருந்த இடத்தில் இருந்தது. வாயு லிங்கத்தை நோக்கி, யாரையும் கேட்காமல் நடந்து போனார்.